தடைக்காலத்துச் சனிக்கிழமைகளுக்கு என்ன படம் போடலாம்?

கேள்வி: ஐயா, மண்டபம் பக்கத்தில் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது, சனிக்கிழமை ராத்திரி மைதானத்தில் துணி கட்டிப் படம் போடலாம் என்று இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறோம். மீனவர் படமாகவே போட வேண்டும் என்கிறார்கள் பாதிப் பேர். என் அப்பத்தாவோ எம்.ஜி.ஆர். இல்லாவிட்டால் வர மாட்டேன் என்கிறார். பத்திரிகையில் நாலு வரி விமர்சனம் எழுதுவீர்களே, அதே மாதிரி எதைப் போடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று சொல்லுங்கள்.

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். எண்ணிப் பார்த்தால் எட்டு சனிக்கிழமை, இல்லாவிட்டால் ஒன்பது வரும். அத்தனைக்கும் கடல் படமே போட்டீர்களானால் மூன்றாவது வாரம் உங்கள் குழுவும் இரண்டு நாயும்தான் உட்கார்ந்திருக்கும், தம்பி.

கடல் ஜனம் கடல் படத்தைக் கதையாகப் பார்ப்பதில்லை, வேலையாகப் பார்க்கும். பல வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் ஓர் ஊரில் ஒரு படம் பார்த்தேன் (பெயர் வேண்டாம்). நாயகன் உணர்ச்சி பொங்க வலை வீசுகிறான். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர், "இவன் வீசுற வலையில மீன் சிரிச்சுட்டுப் போயிரும்" என்றார். அதற்கப்புறம் அந்தக் காட்சியில் யாரும் அழவில்லை. மறுநாள் எழுத வேண்டிய விமர்சனத்தை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே கடல் படம் இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். மீதி நாளுக்கு மலை, பட்டணம், பங்களா என்று கரையில் இல்லாததைக் காட்டுங்கள்.

முதல் சனிக்கிழமைக்கு ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியில் செட்டு கிடையாது, பாட்டு கிடையாது. ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் பயப்படுகிறார், அவ்வளவுதான். நடிப்பில் யார் பெரியவர் என்று கேட்டால் நான் கேட்டுக்கொண்டிருப்பவர் பக்கம்தான் கை காட்டுவேன். முதல் நாள் கூட்டம் சிரித்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் தானாக வரும்.

இரண்டாவது ‘முள்ளும் மலரும்’ (1978). மகேந்திரன் இயக்கம், தமிழில் பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்த முதல் படம். மலையில் விஞ்ச் (இழுவை வண்டி) ஓட்டுகிற காளியின் முரட்டுத்தனம், தங்கச்சி மேல் பாசம், மேலதிகாரியோடு வீம்பு. இதில் கடல் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் படகு ஓட்டுகிற அண்ணன்மார் எல்லாருக்கும் காளியைத் தெரியும். ரஜினி ரசிகர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள், சண்டைக்காகக் காத்திருந்தால் ஏமாந்துபோவார்கள். என்னைக் கேட்டால் உங்கள் பட்டியலில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றாலும் இதைத்தான் போடுவேன்.

கடல் படங்களில் ‘செம்மீன்’ (1965) மலையாளம் என்று தயங்க வேண்டாம், கரைக்குப் புரியும். தகழியின் நாவலை ராமு காரியாத் எடுத்தார். குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய முதல் தென்னிந்தியப் படம். மார்கஸ் பார்ட்லி அந்தக் கடலைப் படமாக்கிய விதத்துக்கு உங்கள் ஊர்ப் பெரியவரும் குறை சொல்ல மாட்டார். ஆனால் கடலுக்குப் போனவன் திரும்பி வருவது கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கத்தைப் பொறுத்தது என்ற நம்பிக்கையின் மேல்தான் கதையே நிற்கிறது. எனக்கு அது அன்றைக்கும் உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது. உங்கள் ஊர்ப் பெண்கள் படம் முடிந்து என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். என் விமர்சனத்தைவிட அது உருப்படியாக இருக்கும்.

‘கடலோரக் கவிதைகள்’ (1986) கதை சின்னப்பதாஸுக்கும் ஜெனிஃபர் டீச்சருக்கும் நடக்கிறது, கடல் இளையராஜாவிடம் இருக்கிறது. தாராளமாகப் போடலாம்.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) விஷயத்தில் நிதானம் வேண்டும். மணிரத்னத்தின் நல்ல படங்களில் ஒன்று. குழந்தைகள் நிறைந்த அந்த வீட்டுக் காட்சிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஆனால் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்குகிற இலங்கை அகதிகளும் அவர்களுடைய முகாமும் உங்களுக்குச் சினிமா அல்ல. மண்டபம் முகாமிலிருந்து குடும்பங்கள் படம் பார்க்க வருமென்றால், போடலாமா என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். ‘நீர்ப்பறவை’யும் (2012) அப்படித்தான். சீனு ராமசாமி அக்கறையோடு எடுத்த படம். அதை, கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் உள்ள ஊரில் ஒலிபெருக்கி வைத்துப் போட நான் துணிய மாட்டேன். பாலாவின் ‘நந்தா’ (2001) ராமேஸ்வரத்துக் கதைதான், சூர்யாவை நடிகராக எல்லாரும் கவனித்த படம். பிள்ளைகள் உட்காரும் மைதானத்துக்குச் சரிவராது.

பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954) போட ஆசையிருந்தால் பள்ளிக்கூட ஹாலுக்குள் போடுங்கள். ‘கப்பலோட்டிய தமிழ’னும் (1961) அப்படியே. இரண்டுமே வசனத்தைக் கேட்டாக வேண்டிய கருப்பு வெள்ளைப் படங்கள். வெட்டவெளியில் வசனத்தைக் காற்று கொண்டுபோய்விடும். பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமையென்றால் நிலா வெளிச்சத்தில் திரை வெளுத்து, இருட்டுக் காட்சியில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது.

காற்றைப் பற்றிச் சொல்ல வந்தேன். பாய் கட்டுவது பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் பாய் காற்றைப் பிடிக்க வேண்டும், திரை காற்றை விட வேண்டும். துணியில் ஆங்காங்கே பிறை மாதிரி சின்னதாகக் கிழித்துவிட்டால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, காற்று அதன் வழியாகப் போய்விடும். ஸ்பீக்கரைக் காற்று வருகிற பக்கம் வையுங்கள். எதிர்ப்பக்கம் வைத்தால் உங்கள் படத்தை அடுத்த ஊர்தான் கேட்கும்.

அப்புறம், அனுமதி. ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். டிக்கெட் வாங்காவிட்டாலும், ஊரைக் கூட்டிப் படம் காட்ட உரிமை வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டும். சினிமாவுக்கான காப்புரிமை, படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1964இல் வந்த படத்துக்கு 2024 டிசம்பரோடு அது முடிந்தது. அதற்காகத் துள்ள வேண்டாம். பாட்டுக்கும் இசைக்கும் எழுதியவர் காலமான பிறகு 60 வருஷம் என்று தனிக் கணக்கு உண்டு. பழைய படம்தானே என்று விட்டுவிடாமல் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அப்பத்தா. அவருக்கு ‘படகோட்டி’தான், வேறு யோசனையே வேண்டாம். சட்டையில் ஒரு செதில்கூட ஒட்டாத மீனவர் எம்.ஜி.ஆர்., அது உண்மைதான். ஆனால் இரண்டு குப்பத்தை மோதவிட்டு நடுவில் லாபம் பார்க்கிற ஆளாக நம்பியார் வருகிறாரே, முன்பணம் கொடுத்து மீனுக்கு விலை வைக்கிறவர்களைப் பார்த்த கரையில் அந்த ஆள் பொய்யாகத் தெரிய மாட்டார். மீனவர் பாட்டுக்கு வாலி போட்ட வார்த்தைகளில் அலங்காரமே இல்லை, அதனால்தான் இன்னும் நிற்கிறது. படம் வந்தது 1964 தீபாவளிக்கு. மறு மாதம், டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. அப்பத்தாவின் வயதுக்கு இரண்டுமே நினைவிருக்கலாம். புரொஜெக்டரைப் போடுவதற்கு முன் மைக்கை ஐந்து நிமிஷம் அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.