கல்லு நிலத்துக்குக் கனமான மண்வெட்டி வாங்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. செம்மண், ஆனால் கை வைத்த இடமெல்லாம் சரளைக் கல். வெட்டிப்போட்ட மாமரத்தின் வேரும் உள்ளே இருக்கிறது. வீட்டுக்குக் காய்கறி போட ஆசை. இப்போது இருக்கிற மம்முட்டி மண்ணில் பட்டால் எகிறுகிறது. கடைக்காரர் இரண்டரைக் கிலோ மம்முட்டியைக் காட்டி, இது எதையும் பிளக்கும் என்கிறார். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான் கொத்த வேண்டும். எனக்கு இடுப்பு வலியும் உண்டு. கனமானதே வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டரைக் கிலோ வேண்டாம்மா. அதை ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் வீசுவார், அப்புறம் சுவரில் சாய்ந்துதான் கிடக்கும். வாரம் முழுக்கக் கொத்தப்போவது நீங்கள். அதனால் உங்கள் கைக்குப் பார்த்து வாங்குங்கள். காம்பு நீங்கலாக இரும்பு மட்டும் ஒன்றே கால் முதல் ஒன்றரைக் கிலோ இருந்தால் போதும்.

கனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இறுகின செம்மண்ணில் லேசான மண்வெட்டி எகிறத்தான் செய்யும். ஆனால் அந்தக் கனம் எத்தனை அங்குல வாயில், அதாவது மண்ணை வெட்டுகிற விளிம்பில், பரவி நிற்கிறது என்று பாருங்கள். கடையில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் ஒன்பது, பத்து அங்குல அகலம் இருக்கும். சேறு அள்ள, வரப்பு அணைக்க, மடை மாற்ற அதுதான் சரி. சரளையில் அவ்வளவு அகலமான வாய் இறங்கும்போது ஏதாவது ஒரு ஓரத்தில் கல் தட்டும், முழு வாயும் அங்கேயே நின்றுவிடும். ஆறு அங்குல அகலம், நீளம் சற்றுக் கூடுதல், காம்பு நுழைகிற கண்ணுக்குப் பக்கத்தில் தடிப்பாகத் தொடங்கி வாய்க்கு வரவர மெலிகிற தகடு என்று கேளுங்கள். அதே ஒன்றரைக் கிலோ அந்த ஆறு அங்குலத்தில் விழும்போது உள்ளே போகும்.

அடுத்தது, யாரும் கடையில் பார்க்காத ஒன்று. காம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற கோணம். போகும்போது ஒரு செய்தித்தாள் எடுத்துக்கொண்டு போங்கள். அதன் மூலை 90 டிகிரி. காம்பு மாட்டிய மண்வெட்டியின் உள்பக்கத்தில் அந்த மூலையை வைத்துப் பாருங்கள். தகடு மூலையைவிடக் கொஞ்சம்போல் உள்வாங்கி, 75, 80 டிகிரியில் நின்றால் கொத்துவதற்கு ஏற்றது. நன்றாக மடங்கி 60 டிகிரிக்கு வந்திருந்தால் அது மண்ணை இழுக்கத்தான் லாயக்கு, எவ்வளவு வேகமாக வீசினாலும் மேலாகச் சுரண்டிக்கொண்டு வரும்.

உங்கள் இடுப்பு வலிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. இரண்டரை அடிக் காம்பு என்றால் பாதி உடம்பை மடக்கித்தான் வெட்ட வேண்டும். மூன்று அடிக்குக் குறையாமல், தரையில் நிறுத்தினால் உங்கள் தொப்புள் உயரத்துக்கு வருகிற காம்பாகப் போடுங்கள். ஆனால் நிமிர்ந்து வெட்டும்போது காம்பு அதிகமாகச் சரிந்து நிற்கும், தகடும் அதோடு சேர்ந்து உங்கள் பக்கம் சாயும். மடங்கின தகட்டுக்கு நீளக் காம்பு போட்டால் அது மண்ணை வழிக்குமே தவிர இறங்காது. பழைய மண்வெட்டிக்குக் காம்பை மட்டும் நீளமாக மாற்றினவர்கள் ‘முன்பைவிட மோசம்’ என்று சொல்வது இதனால்தான். காம்பை நீட்டினால் கோணத்தையும் கொஞ்சம் விரிக்க வேண்டும். இரும்பைக் காய்ச்சிக் கழுத்தை விரித்துக் கொடுப்பது பட்டறைக்காரருக்குச் சின்ன வேலை.

காம்புக்குக் கருவேலம் நல்லது, புளியும் தாங்கும். பிடித்தால் கட்டை விரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ள வேண்டும், அதைவிடப் பருமன் உங்களுக்கு ஆகாது. தகட்டுப் பக்கம் பருத்தும் கைப்பக்கம் மெலிந்தும் செதுக்கச் சொல்லி, கைப்பக்கமாகக் கண்ணில் நுழைத்து இறக்குங்கள். வீச வீச இறுகுமே தவிர கழன்று பறக்காது. காம்பு ஆடினால் இரவு முழுக்கத் தண்ணீரில் போடுவார்கள். அப்போதைக்கு ஊதிப் பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் முன்னைவிட லொடலொடக்கும். பெயின்ட் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெயைப் பூசி ஊற விடுவது மேல்.

ரெடிமேடா, பட்டறையில் அடித்ததா என்றால், உங்கள் நிலத்துக்கு என் ஓட்டு பட்டறைக்கு. போச்சம்பள்ளி ஞாயிறு சந்தை மாதிரியான இடங்களில் இரும்புச் சாமான் பரப்பியிருப்பவர்களிடம் கேட்டாலே யார் நன்றாக அடிப்பார் என்று தெரிந்துவிடும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தால் நன்றாக உழைக்கும். வாயைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துத் துவைச்சல் வைப்பார்களே, அப்போது ‘கல்லு நிலம், கொஞ்சம் இளக்கமாக வையுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். விறைப்பாக வைத்த வாய் கல்லில் பட்டால் சில்லாகத் தெறிக்கும், அதைத் தேய்த்துத்தான் சரிசெய்ய முடியும். இளக்கமான வாய் மடங்கும், தட்டி நிமிர்த்தி அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் வேலைக்கு வந்துவிடும். கடையில் வாங்குவதென்றால் கண் தகட்டோடு சேரும் இடத்தை நன்றாகப் பாருங்கள், அங்கே மேலோட்டமாக வெல்டு வைத்தது வேண்டாம். காம்பு இல்லாத இரும்பைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் பெயின்ட்டுக்கு அடியில் விரிசல் இருக்கலாம்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் காய்ந்த செம்மண்ணோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்யட்டும், ஒரு நாள் விட்டு வெட்டுங்கள். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்தில் இருந்து போட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். அப்பளமாகத் தட்டி நின்றால் ஈரம் அதிகம், இன்னும் ஒரு நாள் பொறுங்கள். மழை இல்லையா, மூன்றடிக்குப் பத்தடி பாத்தி ஒன்றுக்குப் பத்துக் குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டுக் கொத்துங்கள். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. அத்தனையையும் இந்த வருடமே கிளறி என்ன செய்யப்போகிறீர்கள்? பத்துப் பாத்தி போதும். நடைபாதையைக் கொத்தவே வேண்டாம்.

மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்காதீர்கள். தோள் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கனத்தை அதுவாக விழ விடுங்கள், ஒரு வெட்டுக்கு நாலு விரல் மண் போதும். ஒரு சாண் ஆழம் கிடைத்தால் காய்கறிக்கு நிறைவு. வெறுங்காலில் நிற்காதீர்கள், பழைய ஷூ இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். கல் தட்டினால் காம்பை நெம்புகோலாக்க வேண்டாம், காம்பு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். கடப்பாரை ஒன்று கூடவே இருக்கட்டும். உங்கள் வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமையைக் கடப்பாரைக்கும் பிக்காசுக்கும் ஒதுக்கினால் உங்கள் பாடு பாதியாகும். மாவேரில் விரல் பருமன் உள்ளதைக் கோடாலியால் வெட்டி எடுங்கள். தொடைப் பருமனில் இருந்தால் விட்டுவிட்டுப் பாத்தியை நகர்த்திப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

கோரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அந்த இடத்தில் மட்டும் மண்வெட்டி வேண்டாம். அறுபட்டுச் சிதறுகிற கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். மூன்று நான்கு பல் வைத்த கொத்தால் மண்ணைப் புரட்டிக் கிழங்கைக் கையால் பொறுக்குங்கள். சரளையிலும் அந்தப் பற்கள் கல்லுக்கு இடையில் நுழைந்து போகும், காசு இருந்தால் அதையும் ஒன்று அடித்து வாங்கலாம்.

கொத்தின பாத்திக்கு மக்கிய தொழு உரம் பத்துக் கிலோ வீதம் போட்டு உடனே கலந்துவிடுங்கள். செம்மண் மழை பட்டுக் காய்ந்தால் மேலே ஓடு கட்டும், எரு கலந்தால் அது குறையும். ஆடிப் பட்டத்துக்கு முதலில் அவரையும் கொத்தவரையும் ஊன்றுங்கள், கேரட் முள்ளங்கியெல்லாம் கல் பொறுக்கி முடித்த பிறகு.