ஹனுக்காவுக்குப் பேரப்பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?

கேள்வி: டிசம்பரில் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருப்பேன். மாப்பிள்ளை யூதர். பேத்திக்கு 6 வயது, பேரனுக்கு 3. ஹனுக்கா சமயத்தில் அவர்களோடு உட்கார்ந்து கையால் ஏதாவது செய்ய ஆசை. அந்தப் பண்டிகை பற்றி எனக்கு அதிகம் தெரியாது. சுலபமாக என்ன செய்யலாம்?

பதில்: நிறையவே செய்யலாம் அம்மா, ஆனால் எல்லாவற்றையும் முதல் நாளே செய்து முடித்துவிடாதீர்கள். ஹனுக்கா எட்டு ராத்திரிப் பண்டிகை. முதல் ராத்திரி ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு என்று ஏறிக்கொண்டே போய் எட்டில் நிற்கும். மக்கபேயர்கள் என்ற யூதப் போராளிகள் எருசலேம் ஆலயத்தை மீட்டபோது (கி.மு. 164) ஒரு நாளைக்கு மட்டுமே இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது கதை. மற்ற எட்டையும் ஏற்றுவதற்கென்று ஷமாஷ் என்று ஒரு விளக்கு தனியாக, சற்று உயரமாகவோ தள்ளியோ இருக்கும். ஆக ஹனுக்கியா என்கிற அந்த விளக்குத் தண்டில் மொத்தம் ஒன்பது இடம்.

பேரனுக்கு டாய்லெட் பேப்பர் தீர்ந்த அட்டைக் குழல் ஒன்பது போதும். நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் பூசச் சொல்லுங்கள், நடுவில் இருப்பதை மட்டும் ஒரு டப்பா மேல் ஏற்றி வையுங்கள். தினமும் சாயங்காலம் மஞ்சள் டிஷ்யூ பேப்பரைக் கசக்கி ஒரு குழலில் செருகுவது அவன் வேலை. வலது ஓரத்தில் ஆரம்பித்து இடப்பக்கமாக நகர வேண்டும், நிஜ மெழுகுவத்தி வைப்பதும் அந்த வரிசையில்தான் (ஏற்றும்போது மட்டும் புதிதாக வைத்ததை முதலில் ஏற்றுவார்கள்). இது வெறும் அட்டை, நிஜ நெருப்பு பக்கத்திலேயே வரக்கூடாது.

பேத்திக்கு ட்ரெய்டல் பம்பரம். அட்டையைச் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோடுகள் சேரும் இடத்தில் குட்டைப் பென்சிலைக் குத்தி இறக்குங்கள். ஓட்டை நடுவில் இல்லாவிட்டால் தள்ளாடும், அட்டை பென்சில் முனைக்கு அருகில் இருந்தால் நன்றாகச் சுற்றும். நாலு பக்கத்துக்கும் நாலு எபிரேய எழுத்து, மாப்பிள்ளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவள் பார்த்து எழுதிவிடுவாள். அப்புறம் சாக்லேட் காசை நடுவில் குவித்து விளையாட்டு: நூன் விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் என்றால் மொத்தமும் உனக்கு, ஹே என்றால் பாதி, ஷின் என்றால் உன் கையிலிருந்து ஒன்று போட வேண்டும். சின்னவன் எல்லாக் காசையும் தின்றுவிடுவான், தனியாக எடுத்து வையுங்கள்.

நிஜமாகவே எரிகிற ஹனுக்கியா வேண்டுமென்றால், ஒரு டைல்ஸ் துண்டின் மேல் ஒன்பது இரும்பு நட்டை ஒட்டினால் முடிந்தது. ஷமாஷுக்கு இரண்டு மூன்று நட்டை அடுக்குங்கள், மற்ற எட்டும் ஒரே மட்டத்தில் நேர்வரிசையாக இருக்கட்டும். ஹனுக்கா மெழுகுவத்தி ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் ஓட்டைக்குள் சரியாக நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எட்டு ராத்திரிக்கும் சேர்த்து 44 வேண்டும்.

மெழுகுவத்தியைவிட ஆலிவ் எண்ணெய் ஊற்றி ஏற்றுவதை உசத்தியாக நினைக்கிற வீடுகள் உண்டு. அந்த வீடும் அப்படி என்றால், சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களுக்குப் பஞ்சுத்திரி திரித்துக் கொடுங்கள். உங்களுக்குக் கைவந்த வேலை, பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வாள். அதற்காகக் கார்த்திகை தீபத்தையும் இதையும் ஒன்றாக்கி விளக்கம் சொல்ல வேண்டாம், குழந்தைகள் குழம்பும்.

இரண்டு விஷயம் மாப்பிள்ளையிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிற அரைமணி நேரமாவது, முக்கியமாகப் பெண்கள், வேலை செய்யாமல் இருக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதனால் வெட்டுவது ஒட்டுவதெல்லாம் ஏற்றுவதற்கு முன்னால், எரியும்போது பம்பரமும் லாட்கே என்கிற பொரித்த உருளைக்கிழங்கு அடையும். அடுத்தது சபாத், யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள். அதைக் கண்டிப்பாக அனுசரிக்கிற குடும்பம் என்றால் வெள்ளி சாயங்காலம் முதல் சனி இருட்டும் வரை கத்தரிக்கோல், பசை, பென்சில் எதையும் தொடமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்கான டிஷ்யூ சுடரைப் பொழுது சாய்வதற்குள் பேரன் செருகிவிடட்டும்.