கல்வி: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பிளஸ் டூ முடித்து, நாற்பது வயதில் பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்கு எழுதும் நான், தொலைநிலைக் கல்வியில் பி.காம். படித்தால் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: நிச்சயம் இருக்கும். முறையான அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்பில் பெற்ற பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆனால், அங்கீகாரம் என்பது பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் உரியதன்று. நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் படிக்கப்போகும் அதே பாடப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்களே பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். இடைத்தரகர்களின் வாய்மொழி உறுதியை நம்பிச் சேமிப்பை இழந்தவர்களை நினைத்தே இதை வலியுறுத்துகிறேன்.

1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் சென்னையில் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உங்களைப் போல் வேலைக்குச் செல்வோருக்காகவே அமைந்தவை. பின்னதில் பல படிப்புகளைத் தமிழ்வழியிலும் படிக்கலாம். நீங்கள் பிளஸ் டூ முடித்திருப்பது பெரிய பலம். பள்ளிப்படிப்பை முடிக்காமல் நேரடியாகப் பெறும் திறந்தநிலைப் பட்டத்தைத் தமிழக அரசுப் பணிகளுக்கு ஏற்பதில்லை.

மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க இந்திரா காந்தி பல்கலைக்கழகம் ஆறாண்டுகள் வரை அவகாசம் தருகிறது. ஒவ்வொரு தாளுக்கும் எழுதித் தர வேண்டிய ஒப்படைப்புக் கட்டுரைகளை (அசைன்மென்ட்) மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தேர்வில் வென்றாலும் அவை இன்றி அந்தத் தாள் நிறைவு பெறாது.