மருந்தடிக்கும் வயலும் பக்கத்து வளவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரணைமடுக் குளத்து வாய்க்காலோரம் குடியிருக்கிறோம். வேலிக்கு அப்பால் நெல்வயல். காலபோகத்தில் மருந்தடிக்கும்போது வீட்டுக்குள்ளும் மணம் வருகிறது. சிறு பிள்ளைகளை எப்படிக் காப்பது?

பதில்: அடிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிக்கும்படி வயற்காரரிடம் கேளுங்கள், மனத்தாங்கல் வரும் என்று அஞ்சினால் கமக்காரர் அமைப்பின் ஊடாகக் கேட்கலாம். அன்று யன்னல்களைச் சாத்தி, கொடியில் காயும் உடுப்புகளை உள்ளே எடுத்து, கிணற்றையும் தண்ணீர்ப் பாத்திரங்களையும் மூடிவையுங்கள். வீட்டிலிருந்து வயலை நோக்கி மெல்லிய காற்று வீசும் வேளையில், தெளிமுனையைப் பயிருக்கு அண்மையில் பிடித்து அடித்தால் வளவுக்குள் துளிகள் வருவது பெரிதும் குறையும்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் தெளிகருவி சுமப்பவராக இருந்தால், காற்றைவிட அவருடைய சாரத்தையும் சேட்டையும் பற்றியே நான் கூடுதலாகக் கவலைப்படுவேன். வயலால் வந்த உடனே அவர் பிள்ளையைத் தூக்குகிறார். அந்த உடுப்பு பிள்ளையின் உடுப்போடு ஒரே வாளியில் ஊறுகிறது. அதைக் கசக்கித் தோய்ப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண், சில வேளை கர்ப்பிணி. நஞ்சை ‘மருந்து’ என்று அழைத்துப் பழகியதாலோ என்னவோ, இதை நாம் பொருட்படுத்துவதே இல்லை. மருந்தடித்தவர் சவர்க்காரமிட்டுக் குளித்த பின்னரே பிள்ளைகளை நெருங்க வேண்டும். உடுப்பைத் தனி வாளியில், கையுறை அணிந்து, மற்றவற்றோடு கலக்காமல் தோய்க்க வேண்டும்.

கேள்வி: வெறும் மருந்துப் போத்தலை நன்றாகக் கழுவி மண்ணெண்ணெய் வைக்கலாமா?

பதில்: கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது வீட்டுப் பாவனைக்கு ஆகாது. முடிந்தவுடன் மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி, போத்தலில் துளையிட்டுவிடுங்கள். வாய்க்காலில் அலசினால், கீழே குளிப்பவர்களுக்கே அது போய்ச்சேரும். எரிக்கவும் வேண்டாம், எங்கே ஒப்படைக்கலாம் என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: செட்டிகுளத்தில் இருக்கிறோம். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கிறோம். அது போதுமா?

பதில்: கொதிக்கவைப்பது கிருமிகளைக் கொல்லும். பாறையிலிருந்து நீரில் கரையும் புளோரைட்டு, உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று போன்றவை அதனால் நீங்கா. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இலங்கையின் குடிநீர்த் தரத்தின்படி லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருக்கக்கூடாது; நாக்கால் அதை அறிய முடியாது என்பதால் நீரைப் பரிசோதிப்பதே வழி. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ விசாரியுங்கள். காரணம் இன்னும் தீர்க்கமாக அறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் காணப்படுவதால், வயலில் வெயிலில் நிற்பவர்கள் நல்ல நீரைப் போதியளவு குடிப்பதும், சிறுநீரகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதிருப்பதும் அவசியம்.

கேள்வி: போரில் உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றுகள் இன்னும் வளவில் கிடக்கின்றன. நொறுக்கிப் பள்ளம் நிரப்பலாமா?

பதில்: நொறுக்கவே வேண்டாம். உடைக்கும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். சீற்றுகளை நன்றாக நனைத்து, முழுதாகவே தூக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றிவைத்து, அகற்றும் முறையைப் பிரதேச சபையிடம் கேளுங்கள். அதுவரை பிள்ளைகள் அவ்விடத்தில் விளையாடாதபடி மறித்துக் கட்டுங்கள். கிடந்த இடத்தைத் தும்புத்தடியால் உலரக் கூட்டாமல், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே பொதிக்குள் போடுங்கள்.