ரேடியேட்டரில் போர் தண்ணீர் போதுமா?

கேள்வி: இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் விலை கட்டுப்படியாகவில்லை. காருக்கு வீட்டு போர் தண்ணீரையே ஊற்றினால் என்ன?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள். சூட்டை வாங்கிச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி, அதை மறுக்கவில்லை. ஆனால் அழுத்தமில்லாமல் அது 100 டிகிரியில் கொதித்துவிடும். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 107 வரை தாங்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் இரண்டையுமே உயர்த்தும், கலவை 120-ஐத் தாண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஏசி போட்டு ஊர்கிறீர்களே, அப்போது இன்ஜினைக் காப்பாற்றுவது அந்த இடைவெளிதான். கொதித்துவிட்டால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை ஒட்டி ஆவிக்குமிழி நிற்கும், அந்த இடத்தில் சூடு இறங்காது. ஹெட் வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும்.

அதைவிடப் பெரிய பகை உப்பு. கடலோரமான நம் பக்கத்து போர் தண்ணீரில் அது அதிகம். என் பட்டறையில் கழற்றிய பழைய ரேடியேட்டரைப் பிரித்தால், தட்டைக் குழாய்களின் வாயில் வெள்ளைப் படிவு இறுகிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. வாட்டர் பம்ப் இறக்கையின் ஓரமெல்லாம் அரித்திருக்கும். இரும்பும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணீரில் நின்றால் அலுமினியம்தான் முதலில் கரையும். கூலன்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து இதற்காகத்தான்.

வழியில் அவசரமென்றால் கேன் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேருங்கள், தப்பில்லை. அப்புறம் உடனே மாற்றிவிடுங்கள். தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் கலந்தே ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காமல், கார் கையேட்டில் சொன்ன வகையையே கேளுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. வடித்த கூலன்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.