பழைய சோறு ஒத்துக்கொண்டது, எலுமிச்சை சாதம் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

கேள்வி: இரவு மீந்த சாதத்தை மூடி அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தேன். காலையில் நன்றாகச் சூடுபடுத்தி, எலுமிச்சை சாதம் கிளறி மகனின் டிபன் பாக்ஸில் வைத்தேன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் நாலைந்து முறை வாந்தி. அதே சாதத்தில் தண்ணீர் ஊற்றிவைத்துப் பழைய சோறாகச் சாப்பிட்ட என் மாமனாருக்கு ஒன்றுமில்லை. சாதம் ஊசிப்போகவும் இல்லை. எதனால்?

பதில்: நீங்கள் சொல்லும் நேரத்தை வைத்துப் பார்த்தால், முதல் சந்தேகம் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மீதுதான். மண்ணில் வாழும் இது அரிசியோடு வீட்டுக்குள் வருகிறது. கொதிக்கும் உலையில் மற்ற கிருமிகள் செத்துவிடும்; இதன் வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம், பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி வெதுவெதுப்பானதும் அவை முளைத்துப் பெருகும். நம் ஊர் இரவு வெப்பம் அதற்குத் தாராளம்.

பெருகும்போது அது சீரியூலைடு என்ற நச்சை விடுகிறது. 121 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தாலும் அந்த நச்சு அழியாது. கிருமியைக் கொன்றாலும் அது விட்டுப்போனது சாதத்தில் அப்படியே இருக்கும். அதனால் மறுபடி சூடுபடுத்தியது உதவவில்லை. காலையில் பிழிந்த எலுமிச்சையும் உதவாது. இந்த நச்சுக்கு வாடையோ நிறமோ கிடையாது என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்வதை நம்பாதீர்கள். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட பலருக்கு இதே வாந்தி வந்தது. அங்கும் வேகவைத்த சாதத்தை வெளியிலேயே வைத்திருந்து பிறகு வறுத்திருந்தார்கள்.

மாமனாரின் சட்டியில் நடந்தது வேறு. நீரில் ஊறிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீராகாரத்தைப் புளிக்கவைக்கும். புளிப்பு ஏற ஏறக் குறையும் அளவான பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் பேசிலஸின் வளர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடும். இட்லி மாவைப் பொங்கவைப்பதும் இதே கூட்டம்தான். ஆனால் ஆவியில் அவை செத்துவிடுவதால் இட்லியில் உயிருள்ள பாக்டீரியா கிடைக்காது. பழைய சோற்றைச் சூடாக்காமல் சாப்பிடுவதால் அதில் கிடைக்கும்.

அதற்காகப் பழைய சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. புளிப்பு ஏறச் சில மணி நேரம் ஆகும், அந்த இடைவெளிதான் ஆபத்து. மதியம் வடித்த சோற்றை இரவு வரை வைத்திருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். இரவு வடித்தது ஆறியதும், கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றுங்கள். நன்றாக இருந்த முந்தைய நாள் நீராகாரம் ஒரு கரண்டி சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் பிடிக்கும். காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வேண்டாம்.

கிளறப்போகும் சாதம் என்றால், வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய பானையோடு வைத்தால் நடுச்சோறு ஆற வெகு நேரமாகும்.

இந்த வாந்தி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். நச்சு ஏற்கெனவே உருவாகிவிட்டதால் ஆன்டிபயாடிக் பயன்படாது, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குடித்தது எதுவும் தங்கவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, பிள்ளை சோர்ந்து மயங்குகிறான், வாந்தியில் ரத்தம் தெரிகிறது என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.