டைகர் ஏன் டைகர் மாதிரி இல்லை? டாங்கி கேம்கள் பற்றிக் கேள்வி பதில்

வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ், வார் தண்டர் என்ற இரண்டு ஆன்லைன் டாங்கி கேம்களையும் பத்து வருடத்துக்கு மேலாக ஆடி வருகிறேன். அதைவிட அதிக நேரம் அந்த டாங்கிகளைப் பற்றிய கையேடுகளையும் படை அறிக்கைகளையும் படிப்பதில் போயிருக்கிறது. 'வரலாறா, பேலன்ஸா' (பேலன்ஸ் என்றால் ஆட்டம் எல்லோருக்கும் சமமாக இருக்க டாங்கிகளின் எண்களைத் திருத்துவது) என்ற தலைப்பில் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

பிரவீன்: அண்ணா, டைகர் என்றாலே எதிரிகள் நடுங்கினார்கள் என்று படிக்கிறோம். கேமில் யார் வேண்டுமானாலும் அடித்துவிட்டுப் போகிறார்கள். பேலன்ஸுக்காக வேண்டுமென்றே பலவீனமாக்கிவிட்டார்களா?

இல்லை தம்பி. இரண்டாம் உலகப் போரின் அந்த ஜெர்மன் கனரக டாங்கிக்கு முன்கவசம் 100 மில்லிமீட்டர், பக்கம் 80, பீரங்கி 88 மி.மீ. கேமிலும் இந்த அளவுகள் அப்படியேதான் இருக்கின்றன. மாறியிருப்பது டைகரைச் சுற்றி உள்ள உலகம்.

1942 இலையுதிர்காலத்தில் லெனின்கிராட் பக்கம் முதன்முதலாக வந்தபோது அதன் எதிரில் இருந்த பெரும்பாலான பீரங்கிகளுக்கு அந்த முன்தகடு எட்டாத காரியம். கேமில் உங்கள் எதிரே நிற்பதோ, டைகரை அடிப்பதற்கென்றே இரண்டு வருடம் கழித்து வந்த டாங்கிகள். அடுத்தது தூரம். 88-இன் மதிப்பே ஒன்றரை கிலோமீட்டர் வெட்டவெளியில்தான் தெரியும். வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் ஒரு மேப் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சதுரம். உங்கள் டாங்கி எதிரியைக் கண்டுபிடிக்கும் தூரத்துக்கு உச்ச வரம்பு 445 மீட்டர். அந்த நெருக்கத்தில் எல்லோருடைய பீரங்கியும் நல்ல பீரங்கிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் 'ஆங்கிள் வைப்பது' என்கிறோமே, டாங்கியைச் சற்றுக் கோணலாக நிறுத்துவது, அது கேம்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. 1943-இல் ஜெர்மன் படை டைகர் குழுவினருக்குக் கொடுத்த 'டைகர்ஃபீபல்' கையேட்டில் அதைச் சாப்பாட்டு நேரம் என்று பெயர் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கடிகாரத்தில் பத்தரை, ஒன்றரை மணித் திசைகளில் எதிரி இருக்கும்படி நிறுத்து என்று பாடம். அந்த 100 மி.மீ. தகட்டை 30 டிகிரி திருப்பினால் குண்டு கடக்கவேண்டிய கனம் சுமார் 115 ஆகிவிடும். கேமில் அதைச் செய்யாமல் நேராக நிற்பவர்கள்தான் டைகரைத் திட்டுகிறார்கள்.

நிவேதா: வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸின் ஹெச்பி முறை (டாங்கிக்கு இவ்வளவு உயிர் என்று ஒரு எண் கொடுத்து, அடிபட அடிபடக் குறைப்பது) சரியா, வார் தண்டர் மாதிரி குழுவினரையும் எஞ்சினையும் தனித்தனியாகக் கணக்கிடுவது சரியா?

வரலாற்றுக்கு நெருக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதுதான். நிஜத்தில் குண்டு துளைக்கும், அல்லது துளைக்காது. துளைத்தால் உள்ளே யார்மேல் பட்டது, வெடிமருந்தில் பட்டதா என்பதே முடிவு. 'பாதி உயிர்' உள்ள டாங்கி என்று ஒன்று கிடையாது.

ஆனால் ஹெச்பியைக் கேவலமாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். முதல் குண்டிலேயே செத்துப்போகாமல் தவறிலிருந்து மீள ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. அதோடு குண்டின் சேதம், துளைக்கும் திறன் இரண்டையும் 25 சதவீதம் மேலேயோ கீழேயோ ஆடவிடுகிறார்கள். இதைப் பலர் வெறுக்கிறார்கள். நிஜத்தில் தகட்டின் தரமும் குண்டின் தரமும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதால் எனக்கு அது அநியாயமாகப் படவில்லை.

ரீலோட் நேரத்தில்தான் உண்மையிலேயே கை வைக்கிறார்கள். சோவியத் ஐஎஸ்-2-இன் 122 மி.மீ. பீரங்கிக்குக் குண்டும் மருந்தும் தனித்தனி. நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடலாம். மொத்தமே 28 குண்டுகள். அரை நிமிடம் வெறுமனே காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் அதைவிட வெகு வேகமாக நிரப்பும்.

சாதிக்: ஒரு டைகரை வீழ்த்த ஐந்து அமெரிக்க ஷெர்மன் டாங்கிகள் தேவைப்பட்டன என்கிறார்களே, கேமில் ஏன் ஒன்றுக்கு ஒன்று?

அந்த 'ஐந்து' என்ற எண் நிறையப் பேரைக் குழப்பியிருக்கிறது. அமெரிக்க டாங்கி பிளட்டூனில், அதாவது ஒரு சிறு பிரிவில், ஐந்து வண்டிகள். எந்த வேலைக்குப் போனாலும் ஐந்தாகத்தான் போவார்கள். நான்கு அழிந்து ஒன்று ஜெயித்தது என்று அதற்குப் பொருள் இல்லை.

எண்ணிக்கை வேறுபாடு நிஜம்தான். ஷெர்மன் 49,000-க்கு மேல் செய்யப்பட்டது. டைகர் 1 சுமார் 1,350. ஆனால் ஷெர்மன் வெறும் கூட்டத்தால் ஜெயித்த வண்டி இல்லை. 1944 செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் லொரேன் பகுதியில் அராக்கூர் அருகே அடர்ந்த மூடுபனி. ஜெர்மன் 113-ஆவது பான்ஸர் பிரிகேடின் பாந்தர் டாங்கிகள் வருகின்றன. காகிதத்தில் பார்த்தால் பாந்தருக்கு ஷெர்மன் ஈடே இல்லை. அதன் முன்தகடு 80 மி.மீ., 55 டிகிரி சாய்வு, குண்டு கடக்கவேண்டியது ஏறத்தாழ 140 மி.மீ. ஆனால் பனி தூரத்தை அழித்துவிட்டது. பாந்தர் குழுவினர் புதியவர்கள், பயிற்சி போதாதவர்கள், முன்னால் வேவு பார்க்கச் சரியான ஆளில்லை. அமெரிக்க 4-ஆவது கவசப் பிரிவின் ஷெர்மன்கள் சேர்ந்து பழகியவை, ரேடியோவில் பேசிக்கொண்டே பக்கவாட்டுக்குப் போனவை. பாந்தரின் பக்கத்தகடு 40 முதல் 50 மி.மீ.தான். ஜெர்மன் தரப்பு அந்தச் சண்டையில் பலமாக அடிவாங்கியது. அந்தப் பிரிவில் ஒரு டாங்கிப் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கியவர் கிரைட்டன் ஏப்ரம்ஸ். இன்றைய எம்1 ஏப்ரம்ஸ் அவர் பெயரைத் தாங்கியதுதான்.

தகட்டின் கனத்தைக் கேமில் ஏற்றிவிடலாம். அராக்கூரில் ஜெயித்த பயிற்சியையும் ரேடியோ ஒழுங்கையும் எந்த எண்ணாக ஏற்றுவது? அளக்க முடிந்தது மட்டும் கேமுக்குள் வருகிறது. அதனால்தான் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் போர் தவறாக இருக்கிறது. நான் பேலன்ஸ் செய்பவர்கள்மேல் கோபப்படாததற்குக் காரணமும் இதுதான். விடுபட்டுப்போன அந்த விஷயங்களுக்கு ஏதோ ஒரு ஈடு கட்டத்தான் அவர்கள் எண்களைத் திருத்துகிறார்கள்.

கார்த்திகா: அப்படியென்றால் பாந்தர் வழியில் பழுதாகி நிற்பதையும் சேர்க்கலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது. 1943 ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க்கில் முதன்முதலாக இறங்கிய சுமார் 200 பாந்தர்களில், சில நாட்களுக்குள் ஓடும் நிலையில் மிஞ்சியவை கொஞ்சம்தான். குண்டு பட்டவையோடு பழுதாலும் கண்ணிவெடியாலும் நின்றவை நிறைய. போருக்குப் பின் பாந்தரைப் பயன்படுத்திப் பார்த்த பிரெஞ்சுப் படையின் 1947 அறிக்கை, சக்கரத்துக்கு விசை கடத்தும் கடைசிப் பல்சக்கரத் தொகுதியின் சராசரி ஆயுள் 150 கிலோமீட்டர் என்றது. ஷெர்மன் கடல் தாண்டி வந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தானே ஓடி, அப்புறம் சண்டை போட்டது.

ஆனால் வேலை முடிந்து வந்து பத்து நிமிட மேட்ச்சுக்காக உட்காருபவரிடம், 'உங்கள் கியர் உடைந்துவிட்டது, பார்த்துக்கொண்டிருங்கள்' என்று சொல்ல முடியாது. நம்பகத்தன்மை ஒரு படையெடுப்பு முழுக்கப் பரவிய விஷயம். பத்து நிமிடத்துக்குள் அது வெறும் துரதிர்ஷ்டமாகத் தெரியும். ஹெல் லெட் லூஸ் என்ற இன்னொரு போர் கேம் இதை வேறு வழியில் அணுகுகிறது. டாங்கியை வரவழைக்க அணியின் எரிபொருள் செலவாகும், ஓட்ட, சுட, வழிகாட்ட மூன்று பேர் வேண்டும். டாங்கி விலை உயர்ந்த பொருள் என்ற உணர்வு அங்கே தானாக வருகிறது.

முகிலன்: வரலாற்றில் இருந்த அதே விகிதத்தில் அணிகளை மோதவிட்டால் என்ன?

செய்து பார்த்தார்கள். 2014-இல் வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸின் 9.0 பதிப்போடு 'வரலாற்றுச் சண்டைகள்' என்று ஒரு ஆட்ட வகை வந்தது. உயிரைக் கொடுத்து எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். வந்ததும் என்ன ஆனது? எல்லோரும் டைகரில் வந்து வரிசையில் நின்றார்கள். அந்த டைகரின் முன்னால் போய்ச் சாகவேண்டிய சின்ன டாங்கிகளுக்கு ஆள் வரவில்லை. காத்திருப்பு நீண்டது, சில மாதங்களில் நிறுத்திவிட்டார்கள்.

நிஜப் போரில் சோவியத் டி-34 டாங்கிக்குள் இருந்தவனிடம் எந்த வண்டி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேமில் எல்லோரும் விரும்பி வருகிறார்கள். வரலாற்று விகிதம் தோற்றது அங்கேதான். எனக்கு இன்றும் அந்த வருத்தம் போகவில்லை. சின்ன டாங்கி ஓட்டுபவருக்கு ஐந்து முறை திரும்பி வரும் வாய்ப்பும் கூடுதல் பரிசும் கொடுத்திருந்தால் நிலைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அருள்: ஜெர்மன் ராட்சத டாங்கி மாஸ் மாதிரி, காகிதத்தில் மட்டுமே இருந்த டாங்கிகளை எல்லாம் கேமிலிருந்து தூக்க வேண்டாமா?

மாஸ் காகிதம் இல்லை. 188 டன்னில் இரண்டு செய்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பொருத்தியது ரஷ்யாவின் குபின்காவில் நிற்கிறது. வரைபடத்தோடு நின்றவை, பாதியில் நின்றவை வேறு. 2019-இல் வார் தண்டர் பாந்தர் 2, 10.5 செ.மீ. பீரங்கி வைத்த டைகர் 2 இரண்டையும் வழக்கமான வரிசையிலிருந்து எடுத்தது. நான் வரவேற்றேன்.

ஷாலினி: ஆவடியில் செய்த விஜயந்தா மாதிரி பிற்கால டாங்கிகளுக்கும் இதே சிக்கல்தானா?

விஜயந்தாவுக்கு இல்லை. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு, 105 மி.மீ. பீரங்கி, சாதாரண எஃகுத் தகடு. எல்லாம் தெரிந்த விவரம். அதற்குப் பிந்தைய கலப்புக் கவசங்களில்தான் சிக்கல். உள்ளே என்ன இருக்கிறது என்பது ராணுவ ரகசியம் என்பதால் கேமில் இருப்பது ஊகம். 2021-இல் பிரிட்டிஷ் டாங்கி சாலஞ்சர் 2-ஐ வார் தண்டரில் திருத்தவேண்டும் என்று ஒருவர் ராணுவக் கையேட்டுப் பக்கங்களையே வெளியிட்டார். கேம் நிறுவனம் அவற்றை நீக்கிப் பயன்படுத்த மறுத்தது. சரியான முடிவு. ஒரு கேமின் துல்லியத்துக்காக இன்று அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரின் உயிரோடு விளையாடக்கூடாது.

தினேஷ்: நிஜமாக எப்படி இருந்திருக்கும் என்று உணர எந்த டாங்கியில் தொடங்கலாம் அண்ணா?

76 மி.மீ. பீரங்கியுள்ள பழைய டி-34. வார் தண்டரில் சிமுலேட்டர் முறை. அங்கே டாங்கிக்கு மேலே மிதக்கும் கேமரா கிடையாது. பேலன்ஸ் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறோம், ஆனால் வரலாற்றிலிருந்து நம்மை அதிகம் விலக்குவது அந்தக் கேமராதான். டி-34-இன் டரட்டில் (பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டு) இரண்டே பேர். கமாண்டரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும், சுற்றிப் பார்க்கவும் வேண்டும். டைகரின் டரட்டில் மூன்று பேர், கமாண்டருக்குப் பார்ப்பதுதான் வேலை. வெளிக் கேமரா வந்ததும் இந்த வித்தியாசம் முழுதாக மறைந்துவிடுகிறது.

ஒருமுறை காட்சிக்கு வைத்திருந்த ஒரு டாங்கியின் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து மூடியை இறக்கிப் பார்த்தேன். பத்தடி தள்ளி நின்ற என் மகள் தெரியவில்லை. நீங்கள் சிமுலேட்டரில் ஒரு கிராமத்துத் தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். முதல் மேட்ச்சில் யார் அடித்தார் என்றே தெரியாமல் சாவீர்கள். ஒரு பத்து மேட்ச் பொறுமையாக ஆடுங்கள், பிறகு டைகருக்கு மாறுங்கள்.